சிங்கப்பூரில் வேலை செய்பவர்களே, சைட்டுக்கே வந்து எடுத்த சேஃப்டி பயிற்சி: உங்களுக்கு மறக்காதது எது?

துவாஸ் பங்காளி:
உயர வேலைப் பயிற்சி. வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் எங்களை நிறுத்திக்கொண்டார்கள். விழாமல் பிடிக்கும் பட்டைக் கவசமான ஹார்னஸைப் போடத் தெரியாதா என்று பாதிப் பேர் கொட்டாவி. வந்த பயிற்சியாளர் அதிகம் பேசவில்லை. எங்கள் போர்மேன் அண்ணனுக்கு ஹார்னஸை மாட்டி, தான் கொண்டுவந்த இரும்புச் சட்டத்தில் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கித் தொங்கவிட்டார். அண்ணன் முதலில் ஊஞ்சல் ஆடிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் தொடைப் பட்டை இறுகி, முகம் வெளுத்து, "சார், கால் மரத்துப்போச்சு, இறக்குங்க" என்றார். பயிற்சியாளர் உடனே இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்: "இதே ஆள் பத்தாவது மாடியில் தொங்கினா யார் இறக்குவீங்க?" ஒருத்தன் ஆம்புலன்ஸ், தீயணைப்பு நம்பரான 995 என்றான். "அவங்க கேட் தாண்டி மேலே வர்ற வரைக்கும்?" யாரும் வாய் திறக்கவில்லை. மீட்புத் திட்டம் ஆபீஸ் கன்டெய்னரில், ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது.

பெஞ்சுரு ரிக்கர்:
உங்களுக்குத் தொங்கவிட்டாவது காட்டினார்கள். எங்களுக்கு பேன்ட்ரியில் புரொஜெக்டர், முழுக்க இங்கிலீஷ், பக்கத்தில் உட்கார்ந்த பங்களாதேஷ் பாய்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மூடிய டேங்குக்குள் இறங்கிச் செய்யும் வேலைக்கான பயிற்சி அது. ஒன்று மட்டும் மறக்காது. பயிற்சியாளர் டேங்குக்குள் காற்றைச் சோதிக்கும் எங்கள் கேஸ் மீட்டரையே கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். அளவீட்டுச் சோதனை ஸ்டிக்கரில் தேதி எப்போதோ முடிந்திருந்தது. சூப்பர்வைசர் மெதுவாக அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த ஸ்லைடு.

சேஃப்டி அண்ணாச்சி:
ரிக்கர் தம்பி, புரொஜெக்டரைக் குறை சொல்லாதீங்க. அந்த மீட்டரைக் கையில் எடுத்ததே பெரிய விஷயம். என் கதை சின்னது: நான் போன பயிற்சியில் கையெழுத்துத் தாள் முதலில் வந்தது, பாடம் வரவே இல்லை. ஆனால் எல்லோரும் இதைக் கவனிங்க. டேங்கில் ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்கணும். மேலே, நடுவே, அடியில் மூன்று மட்டத்திலும் பார்க்கணும், வாயிலில் நின்று பார்த்துவிட்டு இறங்கக் கூடாது. வெளியே ஒரு ஆள் காவலுக்கு நிற்கணும், அவர் டீ வாங்கப் போகக் கூடாது. 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்குப் பெர்மிட், அதாவது எழுத்து அனுமதி வேணும், அதில் எழுதிய இடமும் நீங்கள் நிற்கிற இடமும் ஒன்றா என்று பாருங்க. புரியாத மொழியில் நடத்தினால் கேளுங்க, கேட்டதற்காக ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் தெரியும், அதற்குத்தான் மனிதவள அமைச்சிடம் புகார் சொல்ல வழி இருக்கிறது. 2022-இல் 36 பேர் வேலையிடத்தில் இறந்த பிறகுதான் செப்டம்பரில் அரசாங்கம், முதலாளிகள் மீது கெடுபிடியைக் கூட்டி, கூடுதல் பாதுகாப்புக் காலம் அறிவித்தது. 2023 மே வரை நீடித்தது. அப்போது பயிற்சிக்கு ஓடிய முதலாளிகளில் எத்தனை பேர் இன்றைக்கும் ஓடுகிறார்கள்?

துவாஸ் பங்காளி:
அண்ணாச்சி, அனுபவம் கேட்டால் கோர்ஸே எடுத்துவிட்டீர்கள். போர்மேன் அண்ணன் மறுநாளே மீட்புக் கிட்டைத் தேடினார். ஸ்டோரில்தான் இருந்தது, பூட்டி. சாவி ஸ்டோர்கீப்பரிடம். அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்.