பொழித் தென்னையும் அப்பாருவின் போனும்

குழு: மேட்டுத் தோட்டத்து வகையறா

காலை 6.10

சித்தி: அப்பாருவுக்கு எலும்பு முறிவு இல்லை, சதைப் பிடிப்புத்தான் என்று காங்கேயத்து மருத்துவர் சொல்லிவிட்டார். தொட்டித் திண்டில் வழுக்கி விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டு, சிக்னல் தேடி இருட்டில் மேய்ச்சல் கொரங்காட்டு மேடு வரை நான் ஓடியதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.

நான்: நல்ல செய்தி, சித்தி.

பெரியப்பா: எனக்கு ஏன் இரவே சொல்லவில்லை?

சித்தி: சொல்வதற்குத்தான் சிக்னல் தேடினேன்.

அத்தை: அண்ணன் வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வந்து ஆறு மாதமாகிறது, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அப்பாவின் கட்டிலுக்கு ஒரு போன் அழைப்பு போகவில்லை.

கோவை அண்ணன்: இதைத்தான் பொங்கலுக்கு வந்தபோதே சொன்னேன், அத்தை. நம் பக்கத்து வீடுகள் ஊருக்குள் நெருக்கமாக இல்லாமல் அவரவர் தோட்டத்துக்குள் சிதறிக் கிடப்பதால், அப்பாரு இருக்கும் பள்ளத்துத் தோட்டத்து ஒற்றை வீட்டுக்காகக் கம்பம் நட்டுக் கண்ணாடியிழைக் கம்பி இழுக்க எந்த நிறுவனமும் முன்வராது. ஸ்பெயினில் கத்தலோனியாவின் ஓசோனா வட்டாரத்துத் தோட்ட வீடுகளுக்கும் இதே நிலைதான் இருந்தது. 2004இல் அவர்கள் கூரைக்குக் கூரை ஆன்டெனாவைத் தாங்களே நட்டு ‘கிஃபி.நெட்’ என்ற பொது வலையைத் தொடங்கினார்கள், பின்னாளில் அது 30,000 முனைகளையும், அதாவது ஆன்டெனா நட்ட இடங்களையும், தாண்டி வளர்ந்தது. நமக்கு மூன்று முனைகள் போதும். அப்பாருவின் அறையில் வைஃபை வந்துவிட்டால், அவருடைய போனில் வைஃபை அழைப்பு வசதி இருந்தால் டவர் இல்லாமலே சாதாரண அழைப்பு பேசலாம்.

சித்தப்பா: செலவு எவ்வளவு?

கோவை அண்ணன்: வெளிப்புற ஆன்டெனாப் பெட்டி ஒன்றுக்கு நான் விசாரித்த கடையில் நாலாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள்.

பெரியப்பா: நாளைக்கு அதிகாரி வந்து அனுமதி எங்கே என்று கேட்டால், என் பெயரில் உள்ள இணைப்புக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோவை அண்ணன்: ஆற்றல் வரம்பை மீறாதவரை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 முதலும், வெளிப்புறத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2018 முதலும் நம் நாட்டில் உரிமம் தேவையில்லை, அப்பா. அக்கம்பக்கத்தாருக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதாக இருந்தால் மட்டும் 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டத்தின் வழியாகப் போக வேண்டும். அதில் மளிகைக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். குடும்பத்துக்குள் பகிர்வதைப் பற்றி உங்கள் இணைப்பின் நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் படித்துப் பார்த்துவிடுகிறேன்.

மாமா: அந்த அலை பட்டால் தென்னையில் குரும்பை உதிரும் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள்.

கோவை அண்ணன்: அலையால் தென்னைக்குக் கெடுதல் இல்லை, மாமா, தென்னையால்தான் அலைக்குத் தொந்தரவு. பச்சை ஓலையில் இருக்கும் நீர் அலையை உறிஞ்சிவிடும். அதோடு இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே கயிறு போல ஒரு கோடு திறந்திருந்தால் போதாது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவழியில் மூன்றரை மீட்டர் ஆரத்துக்கு அலை உப்பிக்கொண்டு போகும், அதில் 60 விழுக்காடாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மேட்டுத் தோட்டத்துக் கூரையிலிருந்து பள்ளத்துக்குக் கோடு போட்டால் எல்லைப் பொழியில் நிற்கும் எட்டுத் தென்னைகளும் சரியாகக் குறுக்கே வருகின்றன.

சித்தப்பா: அந்த எட்டும் யாருடைய பக்கம் நிற்கின்றன என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா: அளந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அத்தை: சர்வேயர் கதையை இங்கே தொடங்காதீர்கள்.

கோவை அண்ணன்: மரத்தை யாரும் வெட்ட வேண்டியதில்லை. மேட்டிலிருந்து அத்தையின் வடக்குத் தோட்டம் வரை வெறும் கொரங்காடு. கிளுவை வேலியும் நாலு வெள்வேல மரங்களும் தவிர வேறெதுவும் இல்லை. அத்தை வீட்டிலிருந்து பள்ளத்துக்கும் பார்வை தெளிவாக இருக்கிறது. இப்படி வீட்டுக்கு வீடு தாவிப் போகும் வலைக்குத்தான் கண்ணிவலை என்று பெயர். பெர்லினின் ஃப்ரைஃபுங்க் என்ற பொது வலைக் குழுவில் உருவான ‘பேட்மேன்’ என்ற வழி தேடும் நெறிமுறையில், ஒரு பெட்டி முழு வழியையும் மனப்பாடம் செய்வதில்லை. அடுத்து எந்த அண்டை வீட்டிடம் கொடுத்தால் செய்தி நல்லபடியாகப் போகும் என்பதை மட்டும் அது தெரிந்துவைத்துக்கொள்ளும். ஒரு குறை உண்டு: நடுவீட்டில் ஒரே ரேடியோ கேட்கவும் சொல்லவும் செய்தால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதனால் அத்தை வீட்டுக் கூரையில் வெவ்வேறு சேனல்களில் இரண்டு பெட்டிகள் வைக்கலாம்.

நான்: பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை இருபது வருடமாக அத்தை வழியாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள், அண்ணா; அதற்குப் பெட்டி எதற்கு?

அத்தை: என் வேகமும் எப்போதோ பாதியாகிவிட்டது, கண்ணு.

மாமா: எங்கள் கூரையில் மயில்கள் வந்து உட்காருமே, அதற்கு என்ன செய்வது? இடி இறங்கினால் டிவியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடாதா?

கோவை அண்ணன்: மயில் உட்கார்ந்தால் ஆன்டெனா திரும்பிவிடும், அது உண்மைதான், குழாயை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். இடிக்கு எர்த் குழி தோண்டியே ஆக வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரு பெட்டிக்குப் பத்து வாட்கூட ஆகாது என்பதால், மின்சாரம் நின்றாலும் சிறிய சோலார் பலகையும் ஒரு பேட்டரியும் தாங்கும்.

சித்தப்பா: எர்த் குழி நான் தோண்டுகிறேன். பெட்டிகளுக்கான பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

பெரியப்பா: மாதக் கட்டணத்தை?

சித்தி: அப்பாரு விழித்துக்கொண்டார். பொழித் தென்னையில் வடகோடி மரம் காய்ப்பு நின்ற மரம்தானே என்று கேட்கச் சொல்கிறார்.

அத்தை: நான் எதையும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளத்துக்கு வருகிறேன். அப்பாவைப் பார்க்கத்தான் வருகிறேன், ஆன்டெனாவுக்காக அல்ல.

கோவை அண்ணன்: வரும்போது பெரிய ஏணியை எடுத்து வாருங்கள், அப்பா.

சித்தப்பா: எங்களிடமே ஏணி இருக்கிறது.