கடக்நாத் சேவல் சுத்தமா, கலப்பா? பொன் கழுத்துக்காரனைக் கழிக்கலாமா?

வாசல்கோழி

எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் கிராமம். போன ஆடிக் கடைசியில் ஒரு வியாபாரியிடம் கடக்நாத் (தோல், கறி எல்லாம் கருப்பாக இருக்கும் கோழி இனம்) என்று சொல்லி ஒரு மாதக் குஞ்சுகள் பத்து வாங்கினேன். இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஐந்து பெட்டை, மூன்று சேவல். இப்போது ஒன்பது மாதம் ஆகிறது.

பெட்டை ஐந்தும் அட்டைக்கருப்பு. கால், அலகு, முகம் எல்லாம் கருப்புதான். குழப்பம் சேவல்களில். முதல் சேவல் உடம்பு முழுக்கக் கருப்பு, ஆனால் கொண்டை நல்ல சிவப்பு. ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான். இரண்டாவதுக்குக் கழுத்தில் பொன்னிற இறகு. மூன்றாவது முழுக் கருப்பு, கொண்டையும் கருநிறம்.

நேற்று ஒருவர் பெட்டைகளோடு சேர்க்க விடைச் சேவல் கேட்டு வந்தார். பொன் கழுத்தைப் பார்த்ததும் "இது நாட்டுக்கோழிக் கலப்பு, வேண்டுமானால் கறி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். முதல் சேவலைக் கேட்ட விலைக்கே எடுக்கத் தயார். இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். பொன் கழுத்துக்காரனை ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அனுப்பிவிடலாமா? அவன்தான் கொஞ்சம் சாதுவானவன், கையில் வந்து தீனி தின்பான். அதனால் கேட்கிறேன்.

தென்னந்தோப்பு

அக்கா, சுலபமான வழி இருக்கிறது. அசல் கடக்நாத் என்றால் ரத்தமே கருப்பாக இருக்கும், முட்டையும் கருப்பு. உங்கள் பெட்டை என்ன நிறத்தில் முட்டை விடுகிறது?

வாசல்கோழி

வெளிர் பழுப்பு, தம்பி. அப்படியென்றால் மொத்தமும் ஏமாற்றா?

பஞ்சாரம்

பதறாதீர்கள் அம்மா. கருப்பு முட்டை விடும் கோழி உலகத்திலேயே கிடையாது. இணையத்தில் சுற்றும் கருப்பு முட்டைப் படங்களெல்லாம் சாயம் பூசியவை. கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். ரத்தமும் சிவப்புதான், கறியும் எலும்பின் மேல்சவ்வும் கருப்பாக இருப்பதால் பார்க்கக் கருஞ்சிவப்பாகத் தெரியும். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையே நம்பினேன்.

பொன் கழுத்தை வெட்டிவிடாதீர்கள். கடக்நாத்தில் மூன்று வகை உண்டு. முழுக் கருப்பு ஒன்று, கழுத்து இறகில் வெள்ளைக் கோடு ஓடுவது ஒன்று, பொன்னிறம் ஓடுவது ஒன்று. மூன்றுமே மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, தார் மாவட்டங்களில் பீல் பழங்குடி மக்கள் வீட்டு முற்றத்தில் காலங்காலமாக மேய்ந்தவை. ஆகவே இறகை வைத்து முடிவு செய்தால் தப்பாகத்தான் போகும். இறகுக்குக் கீழே பாருங்கள்.

ராத்திரி கூண்டில் அடைந்த பிறகு மூன்று சேவலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து டார்ச் அடித்து இதையெல்லாம் பார்த்து எழுதுங்கள்: நாக்கு என்ன நிறம், நுனி வரை. பாதத்தின் அடிப்பகுதி என்ன நிறம். இறக்கைக்கு அடியில் தோல். கொண்டை ரம்பம் மாதிரி ஒற்றையாக நிற்கிறதா, தடித்துத் தட்டையாகப் படிந்திருக்கிறதா. விரல் நான்கா ஐந்தா. அப்புறம் எடை.

வாசல்கோழி

நேற்று ராத்திரி வீட்டுக்காரரை டார்ச் பிடிக்க வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கீறல், பரவாயில்லை.

முதல் சேவல் (சிவப்புக் கொண்டை): நாக்கு இளஞ்சிவப்பு, அடியில் மட்டும் மை சிந்தினாற்போல் கறை. உள்ளங்கால் வெளிறிப்போய், விரல் இடுக்கில் மஞ்சள் அடிக்கிறது. இறக்கைக்கு அடியில் தோல் சாம்பல். கொண்டை குட்டை, தடிமன், ரம்பப் பல் சரியாகத் தெரியவில்லை. எடை 2.7 கிலோ.

பொன் கழுத்து: நாக்கு நுனி வரை கருப்பு. உள்ளங்கால் சிலேட்டுப் பலகை நிறம். கொண்டை ஒற்றை ரம்பம், கத்தரிப்பூ நிறம். 1.8 கிலோ.

மூன்றாவதும் கிட்டத்தட்ட பொன் கழுத்து மாதிரியே. எல்லாவற்றுக்கும் நான்கு விரல்தான்.

பஞ்சாரம்

நினைத்தேன். வந்தவர் தலைகீழாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வேண்டாம் என்றதில் கலப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. முழு விலை கொடுக்கிறேன் என்றதுதான் கலப்பு.

கத்தரிப்பூ நிறக் கொண்டை கடக்நாத்துக்கு இயல்பு. சேவல் பருவத்துக்கு வந்து கொண்டையில் ரத்தம் ஏறும்போது அந்த ஊதா சற்றுச் சிவந்து தெரியும், அதைக் குறையாகச் சொல்லக்கூடாது. உங்கள் முதல் சேவலுடையது அந்த ரகமில்லை. தடித்த குட்டைக் கொண்டை, 2.7 கிலோ, விரல் இடுக்கில் மஞ்சள், மூன்றும் சேர்ந்தால் தாய் பெருவிடை (பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி) என்றே சொல்வேன். கடக்நாத் சேவல் நன்றாக வளர்ந்தாலே 1.8 முதல் 2 கிலோதான். விரல் ஐந்து என்றிருந்தால் சில்க்கி (இதே மாதிரி கருந்தோல் உள்ள ஐந்து விரல் வெளிநாட்டு இனம்) ரத்தமா என்று சந்தேகப்பட்டிருப்பேன், அது இல்லை.

வாசல்கோழி

ஆனால் எல்லாம் ஒரே கூட்டத்துக் குஞ்சுகள்தானே ஐயா? பெட்டை ஐந்தில் ஒன்றுகூட வெளிறவில்லையே. கலப்பு என்றால் பெட்டையிலும் தெரிய வேண்டாமா?

கால்நடை மாணவி

அக்கா, இந்த இடம்தான் எனக்குப் பாடத்தில் ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உடம்புக்குள் வரை கருப்பு பரவுவதற்கு ஒரு மரபணு மாற்றம் காரணம். அது ஓங்கு பண்பு, அப்பா அம்மாவில் ஒருவரிடம் இருந்தாலே வேலை செய்யும். ஆனால் தோலில் கருப்பு ஏறாமல் அடக்குகிற இன்னொரு மரபணுவும் இருக்கிறது. மஞ்சள் கால், வெள்ளைக் கால் கோழிகளிடம் இருப்பது அதுதான். கடக்நாத்திடம் அது கிடையாது. இந்த அடக்கும் மரபணு உட்கார்ந்திருப்பது சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கிற இசட் என்ற குரோமோசோமில்.

மனிதர்களுக்கு நேர்மாறாக, கோழிகளில் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றே ஒன்று. மகளுக்கு அந்த ஒரு இசட் அப்பாவிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கு அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. இப்போது கடக்நாத் சேவலையும் மஞ்சள் கால் நாட்டுப் பெட்டையையும் சேர்த்தால் என்ன ஆகும்? மகள்களுக்கு அம்மாவின் அடக்கும் மரபணு போகவே போகாது, அத்தனையும் கருகருவென்று வரும். மகன்களுக்குப் போகும், அவர்கள் வெளிறுவார்கள். பேட்ஸன், புன்னெட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் சில்க்கி சேவலையும் மஞ்சள் கால் பிரவுன் லெகார்ன் பெட்டையையும் சேர்த்து, இதே விளைவை 1911-இல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆக உங்கள் வியாபாரியிடம் அசல் கடக்நாத் சேவல் இருந்திருக்கலாம், பெட்டைகளில் நாட்டுக்கோழியும் கலந்திருக்கலாம். பெட்டை கருப்பாக இருப்பது அதன் சுத்தத்துக்குச் சாட்சி இல்லை. அந்தக் கலப்பைக் காட்டிக்கொடுப்பது சேவல்தான்.

ஒரு எச்சரிக்கை: தாய் நாட்டுக்கோழியின் காலே கருப்பு என்றால் இந்தக் கணக்கு செல்லாது, மகனும் கருப்பாக வந்துவிடுவான். அதனால் பொன் கழுத்து நூற்றுக்கு நூறு சுத்தம் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

தென்னந்தோப்பு

புவிசார் குறியீடு இருக்கிறதே, அந்தச் சான்றிதழை வியாபாரியிடம் கேட்கலாமே?

பஞ்சாரம்

2018-இல் ஜாபுவாவுக்குக் கிடைத்தது கடக்நாத் கறிக்கான குறியீடு, தம்பி. கரூரில் விற்கிற குஞ்சுக்கு அது ஜாதகம் எழுதித் தராது. குஞ்சு வாங்கும்போது தாய்க்கோழிகளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

வாசல்கோழி

அப்படியானால் பெட்டைகளை எப்படிப் பிரிப்பது? ஒன்று போன மாதம் அடை உட்கார்ந்து ஏழு குஞ்சு பொரித்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

பஞ்சாரம்

கடக்நாத் பெட்டை அடை உட்காருவது அபூர்வம். நாங்கள் அதன் முட்டையை நாட்டுக்கோழிக்குத்தான் வைப்போம். அதனால் அந்தப் பெட்டை மேல் எனக்கு முதல் சந்தேகம். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாணவி சொல்லட்டும்.

கால்நடை மாணவி

அசல் கடக்நாத் சேவலோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கலப்புப் பெட்டைக்கும் குஞ்சுகள் கருப்பாகவே வரும். சோதிக்க நாட்டுச் சேவல்தான் வேண்டும், அதிலும் தோல் வெள்ளை, கால் மட்டும் கருப்பு என்கிற சேவல். அதனிடம் உடம்பைக் கருக்கும் மரபணுவும் இருக்காது, அடக்கும் மரபணுவும் இருக்காது. சுத்தமான பெட்டை என்றால் எல்லாக் குஞ்சுக்கும் தோல் கருக்கும். கலப்பு என்றால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் வெளுத்த தோலோடு வரும். ஒரே ஒரு வெள்ளைத் தோல் குஞ்சு வந்தாலும் முடிந்தது. பத்துக் குஞ்சும் கருப்பாக வந்தால் நம்பலாம். கலப்புப் பெட்டையிடமிருந்து அப்படி வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.

முக்கியம்: சோதனைக்கு முன் பெட்டையை மூன்று வாரம் சேவலே இல்லாமல் தனியாக அடையுங்கள். பழைய சேவலின் விந்து அதன் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும். முட்டைக்கு எந்தப் பெட்டை என்று பென்சிலால் குறி போடுங்கள்.

வாசல்கோழி

இன்று அவர் வந்தார். முதல் சேவலின் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டி, இது கலப்பு, விடைக்கு ஆகாது என்று நானே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு உயிர் எடைக்கு எடுத்துக்கொண்டார். போகும்போது பொன் கழுத்துக்கு என்ன விலை என்றும் கேட்டார். விற்கவில்லை.

அடை உட்கார்ந்த பெட்டையைப் பழைய ஆட்டுக் கொட்டிலில் தனியாக விட்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு கருங்கால் சேவல் இருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு மாதத்துக்கு இரவல் தருவார்களா என்று கேட்க வேண்டும்.