கியோஸ்க் பிரவுசருக்கு விண்டோ மேனேஜர் வேணுமா, வேண்டாமா?

முனையன்:
கியோஸ்க்னா ஒரே பக்கத்தைத் திரை நிறையக் காட்டுற பொது இடத்துக் கணினி. விண்டோ மேனேஜர்னா ஜன்னல்களோட இடத்தையும் அளவையும் பாத்துக்கிற புரோகிராம். "வெறும் எக்ஸ் (லினக்ஸ்ல திரையில ஜன்னல் காட்டுற அடித்தளம்) மேல குரோமியம் பிரவுசரைக் கியோஸ்க் மோடுல விட்டா போதும், விண்டோ மேனேஜர் எதுக்கு, ஒரே வரி"ன்னு நேத்து ஒருத்தர் அளந்து விட்டிருந்தார். நம்பி, எக்ஸ் கிளம்பும்போது ஓடுற எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைல்ல அந்த ஒரே வரியைப் போட்டேன். பிரவுசர் பாதித் திரையில நிக்குது, மீதி கன்னங்கரேல்னு கிடக்கு. இதுதான் ஃபுல் ஸ்கிரீனா?

ஒற்றைவரி:
அளந்தது நான்தான். விண்டோ-பொசிஷன் 0,0, விண்டோ-சைஸ் 1920,1080 குடுத்தீங்களா? எனக்கு 2 வருஷமா ஓடுது.

முனையன்:
அளவைக் கையால குடுத்தா அது ஃபுல் ஸ்கிரீன் இல்ல சார், பெரிய ஜன்னல். ஃபுல் ஸ்கிரீன்ங்கிறது விண்டோ மேனேஜர்கிட்ட பிரவுசர் குடுக்கிற மனு. ஆளில்லாத மேசையில மனுவை வச்சா யார் எடுத்துப் படிப்பா?

ஒற்றைவரி:
திரை நிறையுதா இல்லையா?

முனையன்:
நாளைக்கு 1280க்கு 1024 மானிட்டர் மாட்டினா? ஓப்பன்பாக்ஸ் மாதிரி ஒரு விண்டோ மேனேஜர் இருந்தா அதுவே பாத்துக்கும்.

கேஜ்காரன்:
இன்னும் எக்ஸையே கட்டிக்கிட்டு அழுங்க. எக்ஸுக்குப் பதிலா வந்த வேலண்டுல கேஜ் போடுங்க. ஒரே ஆப்பைத் திரை நிறைய ஓட்டுறதுக்குன்னே எழுதினது.

முனையன்:
கேஜும் விண்டோ மேனேஜர் வேலையைத்தான் பாக்குது. ஆக, நீங்களும் என் கட்சி.

கேஜ்காரன்:
நான் யார் கட்சியும் இல்ல. சிஸ்டம்டி (லினக்ஸைத் துவக்கி வைக்கிற புரோகிராம்) வேணுமா வேண்டாமாங்கிற சண்டையிலயும் இப்படித்தான் என்னைக் கோத்து விட்டீங்க, மறக்கல.

புதுசு:
கரண்ட் போய் வந்தா "பக்கங்களை மீட்கவா"ன்னு மூலையில பெட்டி வருதே, அதை எப்படி ஒழிக்கிறது?

முனையன்:
குரோமியம் கிளம்புறதுக்கு முன்னாடி, பிரெஃபரன்சஸ் ஃபைல்ல எக்சிட்-டைப் "கிராஷ்டு"ன்னு இருக்கிறதை ஃபைல்ல எழுத்தை மாத்துற sed கமாண்டால "நார்மல்"னு மாத்திடுங்க. எக்ஸ்செட் (xset) கமாண்டுல ஸ்கிரீன்சேவர், மானிட்டரைத் தூங்க வைக்கிற டிபிஎம்எஸ் ரெண்டையும் அணைங்க, இல்லேன்னா 10 நிமிஷத்துல திரை கறுத்துடும். மவுஸ் அம்பை மறைக்க அன்கிளட்டர். எண்ணிக்கோங்க, எத்தனை வரி ஆச்சு? சாருக்கு மட்டும் ஒண்ணு!

செந்தமிழ்:
கியோஸ்க்கை 'தகவற்சாவடி' என்று எழுதலாமே.

முனையன்:
எழுதுங்க. அந்தச் சாவடிக்கும் விண்டோ மேனேஜர் வேணும்.

செந்தமிழ்:
சாளர மேலாளர்.

ஒற்றைவரி:
இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கேன். கறுப்புப் பட்டை எங்கேன்னு காட்டுங்க பாப்போம்.

முனையன்:
1280 மானிட்டர் மாட்டி எடுங்க, காட்டுறேன்.

ஒற்றைவரி:
மாட்ட மாட்டேன். என் மானிட்டர் 1920.

முனையன்:
அதைத்தான் முதல்லேர்ந்து சொல்றேன்!