சிம்பொனி வளவுக்கு வரட்டுமா, காரைக்குடியோடு நிற்கட்டுமா?

கோட்டையூர்க்காரன்:
இங்கிலாந்தில் போர்ன்மத் சிம்பொனி என்ற இசைக்குழு 1893 முதல் இருக்கிறது. பூல் என்ற ஊரில் இருந்துகொண்டு எக்ஸிடர், பிரிஸ்டல், போர்ட்ஸ்மத் என்று சுற்றி வாசிக்கிறார்கள். நம் பக்கமும் அப்படி ஒன்று வேண்டும். காரைக்குடியில் ஒத்திகை, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வளவுகளில், அதாவது நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், கச்சேரி. 1939 முதல் கம்பன் விழாவுக்குக் கூட்டம் சேர்த்த மண் இது. கேட்க ஆள் வரும்.

தேவகோட்டை மீனா:
ஆள் வரும் அண்ணே, உட்காருவது எங்கே? முழு சிம்பொனிக்கு 70, 80 பேர் வேண்டும். வளவுத் தூண்களுக்கு நடுவே அவர்களை உட்கார வைத்தால் கேட்பவர்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். முற்றமோ வானம் பார்த்தது, சத்தம் மேலே போய்விடும். காரைக்குடியில் நல்ல அரங்கம் ஒன்று கட்டட்டும், நாங்கள் பஸ் ஏறி வருகிறோம்.

கோட்டையூர்க்காரன்:
என் அப்பத்தாவுக்கு 81 வயது. பஸ் ஏற முடியாது, பக்கத்து வளவு என்றால் வருவார். 80 பேர் எதற்கு? மொசார்ட்டின் 29ஆம் சிம்பொனிக்கு ஊதுகருவிகளில் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், மற்றதெல்லாம் தந்திக் கருவிகள். 25 பேர் போதும்.

வயலின் வாத்தியார்:
25 பேர் சரி. ஆனால் முற்றம் வேண்டாம், வளவுக்குள்ளேயே இருக்கும் கல்யாணக் கொட்டகை பாருங்கள். மேலே கூரை உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சுச் சுவர் வழவழவென்று இருப்பதால் ஒலி திரும்பி வரும்; ஆள் நிறைந்தால்தான் அது அடங்கும். காலிக் கொட்டகையில் வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் வெயில். சூடு ஏறினால் குழல் கருவிகளின் சுருதி ஏறும், வயலின் தந்தி இறங்கும். அதனால் தை மாதம், இருட்டிய பிறகு.

நாயனப் பிரியன்:
எனக்கு அடிப்படையே ஒப்பவில்லை. தமிழ் இசைச் சங்கம் கண்ட அண்ணாமலை செட்டியார் பிறந்த கானாடுகாத்தானில் மொசார்ட்டா? இன்று கல்யாண வீட்டில் நாயனக்காரரைத் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வாசிக்கச் சொல்கிறோம், மிச்ச நேரமெல்லாம் ஸ்பீக்கர். காசு இருந்தால் முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்.

கோட்டையூர்க்காரன்:
நாயனக்காரர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரர்களிடமிருந்து வயலினைக் கற்று வந்ததால் நம் இசை குறைந்துபோகவில்லையே. இங்கே ஒரு பிள்ளை ஓபோ கற்க நினைத்தால் அதை நேரில் பார்க்கக்கூட வழியில்லை. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி இசைக்குழுவிலேயே வெளிநாட்டவர் பலர்.

நாயனப் பிரியன்:
வயலின் வந்து நம் ராகத்தை வாசித்தது. நீங்கள் கேட்பது அது இல்லை.

தேவகோட்டை மீனா:
ராகம் இருக்கட்டும், சாவி யாரிடம்? எங்கள் வீட்டுக்குப் 14 பங்காளிகள், பாதிப் பேர் சிங்கப்பூரில். கூரை ஓடுகளை மாற்ற எல்லோரிடமும் சம்மதம் வாங்கவே எட்டு மாதம் ஆனது. ஒரு வீட்டுக்காவது சம்மதம் வாங்குங்கள், மூன்று ஊர்க் கணக்கை அப்புறம் பேசலாம்.

கோட்டையூர்க்காரன்:
எங்கள் வீட்டில் ஐந்து பங்குதான். வருகிற படைப்புக்கு, முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கு, எல்லோரும் கூடுவார்கள். அங்கே வைத்தே கேட்கிறேன்.