மறு: தொட்டியின் அடியில் நிற்கும் ஈரத்துக்கு என்ன சொல்?

> நம் ஸ்நேக் பிளான்ட் வளர்ப்புக் குறிப்பின் வரைவில் ‘நல்ல வடிகால் உள்ள மண்’ என்று எழுதினால் போதாதா? புதுச் சொல் எதற்கு?

போதாது. ஸ்நேக் பிளான்ட் (வீட்டுத் தொட்டிச் செடி, நம் மருள் செடிக்குப் பங்காளி; சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா) வாங்கியவரிடம் ‘வடிகால்’ என்று சொல்லிப் பாருங்கள். தொட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஜல்லியைக் கொட்டி, மேலே செம்மண்ணை நிரப்புவார். துளை அடைபடாது, தண்ணீரும் ஒழுகும். ஆனாலும் ஐப்பசி மழையில் இலையின் அடி கொழகொழத்துச் சாயும். தோண்டினால் கிழங்கு பழுப்பாகி நாறும்.

காரணம் நுண்புழைநுழைவு. துகள்களின் இடுக்கில் பற்றிக்கொண்ட நீரைப் புவியீர்ப்பால் முழுக்க இறக்க முடியாது. அதனால் ஒழுகி முடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை சொதசொதவென்று நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். கீழ் ஓரம் மட்டும் கனத்தே இருக்கும். அந்தப் பட்டைக்குத்தான் பெயர் வேண்டும்.

பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமன், தொட்டியின் உயரமல்ல. ஒரு கலவை 4 செ.மீ. பிடிக்கிறது என்று வைத்தால், 16 செ.மீ. தொட்டியில் கால்வாசி நனைந்து நிற்கும், 8 செ.மீ. தொட்டியில் பாதி. ஜல்லி போட்டால் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. வேர் மூச்சுமுட்டினால் அழுகல் பூஞ்சை எளிதில் நுழைகிறது.

> ‘தேங்குநீர்’, ‘அடிஈரம்’ இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

‘தேங்குநீர்’ என்றால் எங்கோ அடைப்பு என்று பொருள்படும். படிப்பவர் துளையைக் குத்தப் போவார். ‘அடிஈரம்’ உழவர் வாயில் நல்ல சொல். விதைப்புக்கு நம்பும் ஈரம் அது. ‘நுண்புழைநீர்’ மண்ணியலில் இன்னும் விரிந்த பொருளில் இருக்கிறது. நான் முன்வைப்பது ‘தொங்குநீர்’. ஒழுகாமல் துகள்களைப் பற்றித் தொங்குவதால் அந்தப் பெயர். அதன் மேல் எல்லை ‘தொங்குநீர் மட்டம்’.

———

> நான் முன்வைப்பது ‘தொங்குநீர்’.

ஏற்கலாம். ஆனால் கூரையிலிருந்து தொங்குவதாகத் தோன்றாதா? பக்கத்திலேயே விளக்க வரி வேண்டும். கலவைப் பகுதியை இந்தச் சொல்லை வைத்தே எழுதலாம்:

“தொங்குநீரைக் குறைக்கக் கலவையில் உள்ள பொடியை நீக்கவும். சலித்த செங்கல் ஜல்லி அல்லது பெர்லைட் என்னும் லேசான வெண்துகள் (3–6 மி.மீ.) 3 பங்கு, கழுவிய பருமணல் 1, தென்னை நார்க்கழிவு 1, மண்புழு உரம் அரைப் பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியவும், உப்பு இறங்கும். எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதன் மாவு இடுக்குகளை அடைத்துத் தொங்குநீரை உயர்த்தும்.”

சோதனையும் சேருங்கள். கழுத்தை வெட்டிய ஒளிபுகும் தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் நாலு துளை. கலவையை நிரப்பி, நிறைய ஊற்றி, ஒரு மணி நேரம் விடவும். அடியில் கருத்துத் தெரியும் பட்டையை அளவுகோலால் அளக்கலாம். இரண்டு விரற்கடைக்கு மேல் இருந்தால் கலவையில் இன்னும் செங்கல் ஜல்லி சேர்க்கணும்.

ஒரு திருத்தம்: ஸ்நேக் பிளான்ட்டின் கிழங்கு மேலாகவே படரும், அதனால் ‘ஆழமில்லாத் தொட்டி போதும்’ என்று வரைவில் இருக்கிறது. பருமனான கலவைக்குத்தான் அது பொருந்தும். நார்க்கழிவு மிகுந்த கலவையைத் தட்டைத் தொட்டியில் போட்டால் கிழங்கு தொங்குநீரிலேயே உட்காரும்.

———

‘கூரை’ ஐயத்துக்கு: ‘தொங்குபாலம்’ பழகிய சொல்தானே. அதுபோல இதுவும் வினைத்தொகை, சேர்த்தே எழுதுவோம். ‘தொங்கு நீர்’ என்று பிரித்தால் தேடலில் இரண்டாகிவிடும். தட்டைத் தொட்டி வரியை நீக்கிவிட்டேன்.