மெல் பிளாங்க்: திருகோணமலையில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் சொல்லுங்கள்

பாலையூற்றுக்காரன்:

பக்ஸ் பன்னி முயல் முதலான அமெரிக்கக் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் இறந்தது 1989 ஜூலை 10. அப்போது நான் ஒரு வயதுக் குழந்தை. ஆகவே நான் அவரைச் சந்தித்த கதை என்றால், அவருடைய குரலைச் சந்தித்த கதைதான். அதுவும் என் காதால் அல்ல, பெரியம்மாவின் மகன் பெரியண்ணாவின் காதால்.

பெரியண்ணாவுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. படலை திறக்கிற சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். வானொலி நாடகம் போனால் பாதியில் நிறுத்தி, "இந்தக் கிழவனும் முதல் வந்த பொலிஸ்காரனும் ஒரே ஆள்" என்பார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

2002இல் சமாதான காலம் தொடங்கிப் பாதைகள் திறந்ததும் கனடாவிலிருந்து மாமா வந்தார். சூட்கேசில் எங்களுக்கென்று மூன்று விசிடி இருந்தது. பக்ஸ் பன்னி முயலை அதற்கு முன்பே ரூபவாஹினித் தொலைக்காட்சியில் சிங்களத்தில் பார்த்திருக்கிறோம், ஆனால் ஆங்கிலத்தில் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் பெரியண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்து, திரையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். தாராவின் அலகு பின்பக்கம் திரும்பிவிட்டது, முயல் பொம்பிளைச் சட்டை போட்டு வருகிறது என்று.

மூன்றாவது படம் முடியும்போது அவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, இனி நீ சொல்லாத. நான் கேக்கிறன்."

மாமா கொண்டுவந்த மூன்று தட்டையும் அன்றைக்கே கேட்டு முடித்தார். முடிந்ததும் சொன்னார்: "முயல், தாரா, கொன்னைப் பன்றி, கத்துற மீசைக்காரன், மஞ்சள் குருவி, எல்லாம் ஒரே மனுசன். வேட்டைக்காரன் மட்டும் வேற ஆள்."

மாமா சிரித்தார். அவர் டொராண்டோவில் எவ்வளவோ கார்ட்டூன் பார்த்தவர். கொன்னைப் பன்றி பேசுவதற்கும் மீசைக்காரன் கத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். பெரியண்ணா, "மூச்சு எடுக்கிற இடம் ஒண்டு. சிரிக்க முதல் தொண்டைக்குள்ள ஒரு சின்னச் சத்தம் வரும், அதுவும் ஒண்டு" என்றார். பிறகு மெதுவாக, "அந்த மீசைக்காரனைப் பேசேக்க மனுசனுக்குத் தொண்டை சரியா நொந்திருக்கும், பாவம்" என்றார்.

நான் தட்டைத் திரும்பப் போட்டு, தொடக்கத்தில் வரும் எழுத்துகளை நிறுத்தி வாசித்தேன். குரல் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், மெல் பிளாங்க். மாமா வாயடைத்துப் போனார். ஆனால் பெரியண்ணா சொன்னதில் பாதிதான் சரி என்று அன்று முடிவாயிற்று. வேட்டைக்காரன் வேறு ஆள் என்றால் அவருடைய பெயரும் இருக்க வேண்டுமே? பெரியண்ணா விடவில்லை. "பேர் போடாமல் விட்டிருப்பாங்கள்" என்றார்.

ஒன்பது வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஒரு இரவு இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன். வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்தர் கியூ. பிரையன். 1959இல் அவர் இறக்கும் வரை அது அவருடைய வேலை. 1940களில் பிளாங்க் சம்பளம் கூட்டிக் கேட்டாராம். தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர் தர மறுத்தார். அப்படியென்றால் படத்தில் என் பெயரையாவது போடுங்கள் என்று கேட்டு வாங்கியதுதான் அந்த ஒற்றை வரி. கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பவர்களின் பெயரையே போடாத காலம் அது. பிரையனின் பெயர் விடுபட்டது அப்படித்தான். மீசைக்காரன் யொசெமிட்டி சாமின் குரல்தான் தன் தொண்டையை மிகவும் வருத்தியது என்று பிளாங்கும் சொல்லியிருக்கிறார்.

இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போன் எடுத்தேன். பெரியம்மா பயந்து போய்விட்டார். பெரியண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த மனுசன்ர பேரை ஒருக்கா வடிவாச் சொல்லு" என்றார். சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பழகினார்.

படத்தோடு சேர்த்துப் பார்க்கிற நாங்கள் பிளாங்கைப் பாதிதான் கேட்கிறோம் என்று எனக்கு அன்றிலிருந்து தோன்றுகிறது. உங்களுக்கு அந்தக் குரல் எப்படி வந்து சேர்ந்தது? எழுதுங்கள்.

உவர்மலை அக்கா:

தம்பி, உங்கள் பெரியண்ணாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் உங்களைவிட மூத்தவள். எனக்கு முயல் முதலில் சிங்களத்தில்தான் பேசியது, ஹா ஹா ஹரி ஹாவா என்ற பெயரில். அதைச் சிங்களமாக்கிய டைட்டஸ் தொட்டவத்தவை இந்த இடத்தில் சொல்லாமல் விடக்கூடாது. சினிமாவில் படத்தொகுப்பாளராகவும் இயக்குநராகவும் இருந்துவிட்டு ரூபவாஹினிக்கு வந்தவர். அவருடைய முயல் அமெரிக்கனைப் போலக் கதைக்காது, நம் நாட்டுச் சந்தியில் நிற்கும் வாய்க்காரப் பெடியனைப் போலக் கதைக்கும். பள்ளிக்கூடத்தில் ஏறாத சிங்களம் எனக்கு அந்த முயலால்தான் ஏறியது. பிளாங்க் என்ற மனிதரைப் பற்றித் தெரிய வந்தது மிகவும் பிந்தி, தாதியாக வேலைக்குச் சேர்ந்த பிறகு.

1961 ஜனவரி 24. லொஸ் ஏஞ்சல்ஸில் சன்செட் பூலவார்ட் வீதியின் ஒரு மோசமான வளைவில், எதிரே வந்த கார் அவருடைய காரோடு நேருக்கு நேர் மோதியது. மண்டை ஓடும் கால்களும் உடைந்து, சுமார் இரண்டு கிழமை நினைவில்லாமல் கிடந்தார். மனைவியும் மகனும் கூப்பிட்டும் அசைவில்லை. ஒரு நாள் மருத்துவர் அவருடைய பெயரைச் சொல்லாமல், பக்ஸ் பன்னி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்டாராம். கட்டிலில் கிடந்தவர் முயலின் குரலில் பதில் சொன்னார்.

இதை வைத்து நான் வைத்தியம் பேச வரவில்லை. நினைவு திரும்புவதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் வார்டில் நினைவில்லாமல் கிடக்கிறவர்களின் ஆட்கள் கட்டிலடியில் அழுதுகொண்டே நிற்கும்போது, நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வழக்கமாக என்ன கதைப்பீர்களோ அதைக் கதையுங்கள். ஒரு தரம் சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு அம்மா, கடலுக்குப் போகும் மகனை விடியற்காலையில் எழுப்புகிற மாதிரியே ஏசி ஏசிக் கூப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பையன் கண் திறந்தது நான்கு நாள் கழித்துத்தான். ஆனால் அந்த நான்கு நாளும் அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் பிளாங்க் பல மாதம் உடம்பெல்லாம் மாக்கட்டோடு படுத்திருந்தார். ஃப்ளிண்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தொடரில் பார்னி என்ற பாத்திரத்தின் குரல் அவர்தான். கட்டிலுக்கு மேலே மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, மற்ற நடிகர்களும் அவருடைய அறைக்கே வந்து நின்று பதிவு செய்தார்கள். இடையில் சில பாகங்களுக்கு டோஸ் பட்லர் என்ற இன்னொரு பெரிய கலைஞர் அவருக்காகப் பார்னியாகக் கதைத்துக் கொடுத்தார். அந்தப் பாகங்களைத் தேடிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் கொஞ்சம் தெரிந்தது. பெரியண்ணாவுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மூதூர் ஆசிரியர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் நாடகம் பழக்குகிறவன். திரைக்குப் பின்னால் நின்று சத்தம் கொடுக்கும் பிள்ளைகளுக்கு பிளாங்கின் கதையைச் சொல்லாமல் நான் ஒத்திகை தொடங்குவதில்லை.

கரட் கதை தெரியும்தானே? முயல் கரட் கடிக்கும் சத்தத்துக்கு வேறு காய், பழம் எல்லாம் கடித்துப் பார்த்தார்களாம். கரட்டைப் போல ஒன்றும் வரவில்லை. அதனால் உண்மையான கரட்டையே மைக்குக்கு முன்னால் கடித்து, மென்று, விழுங்க நேரமில்லாமல் பக்கத்தில் வைத்த பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த வசனத்தைச் சொல்வார். அவருக்குக் கரட் ஒத்துக்கொள்ளாது என்று பலர் சொல்வது பிழை.

பிள்ளைகள் இதை நம்பவில்லை. சரி, செய்து பார்ப்போம் என்று சந்தையில் கரட், வெள்ளரிக்காய், கொய்யாக்காய், மாங்காய் எல்லாம் வாங்கி வந்தேன். ஒருவர் திரைக்குப் பின்னால் கடிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்ல வேண்டும். கொய்யாக்காய் பலரை ஏமாற்றியது. கரட்டில் ஒருவர்கூடத் தவறவில்லை.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பிளாங்க் கார்ட்டூனுக்கு வரும் முன்பே வானொலிக்காரர். ஜாக் பென்னி என்ற நகைச்சுவையாளரின் நிகழ்ச்சியில் ஒரு பழைய மெக்ஸ்வெல் கார் வரும். அதன் எஞ்சின் சத்தம் இசைத்தட்டில் இருந்தது. நேரடி ஒலிபரப்பில் ஒரு நாள் அந்தத் தட்டு வேலை செய்யவில்லை. பிளாங்க் மைக்கைப் பிடித்து, இருமி, தும்மி, விக்கி, அந்தக் காராகவே மாறிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் காரும் அவர்தான்.

இதைச் சொன்ன அடுத்த நாள், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஒத்திகையில் கையை உயர்த்தினான். "சேர், நான் லோஞ்ச் செய்யட்டா?" மூதூருக்கும் திருமலைக்கும் ஓடிய எஞ்சின் படகு, அந்த லோஞ்ச்தான். கயிற்றை இழுக்கும் சத்தம், எஞ்சின் பிடிக்காமல் இரண்டு தரம் இருமுவது, பிடித்த பிறகு தண்ணீரைக் கலக்குவது, இறங்குதுறையில் பலகை தட்டுப்படுவது. என் வாப்பாவோடு அதில் போன நாள்களெல்லாம் எனக்குத் திரும்பி வந்துவிட்டன. அந்த வருடம் நாடகத்தில் லோஞ்ச் வராத ஒரு காட்சியில்கூட அவனுக்காக லோஞ்சைக் கொண்டுவந்தேன். இப்போது அவன் கல்யாண வீடுகளில் அறிவிப்பாளர்.

டொராண்டோவில் இருந்து, மனையாவெளிக்காரி:

நான் அவருடைய கல்லறைக்குப் போயிருக்கிறேன். ஹாலிவுட் ஃபொரெவர் மயானம், லொஸ் ஏஞ்சல்ஸ். கல்லில் பெரிதாக வெட்டியிருப்பது கார்ட்டூன் முடியும்போது பன்றி சொல்லும் வாசகம்தான், அவ்வளவுதான் மக்களே என்று. அவரே அப்படிக் கேட்டிருந்தாராம். அதன் கீழே ஆயிரம் குரல் மனிதர் என்றும் போட்டிருக்கிறது. நாங்கள் நின்ற இடத்துக்கே ஒரு மயில் நடந்து வந்தது. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது கோட்டைக்குள்ளே மான்கள் வந்து கையை மோந்து பார்க்குமே, அந்த மாதிரி. நான் ஒரு பூவை வைத்துவிட்டு அந்த வாசகத்தைக் கொன்னைத் தட்டிக் கொன்னைத் தட்டிச் சொன்னேன். என் மகள் வெட்கப்பட்டுத் தள்ளிப் போய் நின்றாள். பிறகு அவளும் வந்து சொன்னாள்.

பாலையூற்றுக்காரன்:

எல்லாவற்றையும் நேற்றுப் பின்னேரம் பெரியண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேர், லோஞ்ச் பையனின் பகுதியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். அந்தத் தம்பி இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரச் சொல்லச் சொன்னார். அக்கா, பார்னி விஷயத்தில் நீங்கள் சொன்னது அவருக்கும் தெரிந்தது. "ரெண்டாவது ஆள் கெட்டிக்காரன், ஆனா பார்னியின்ர சிரிப்பு வயித்தில இருந்து வரேல்ல" என்றார்.

அதோடு புதிதாக ஒன்று கேட்டார். எச்சில் தெறிக்கக் கதைக்கும் தாராவும், குருவியைத் துரத்தும் பூனையும் ஒரே குரல் இல்லையா என்று. தாரா கெதியாகக் கதைப்பதால்தான் வேறு மாதிரிக் கேட்கிறது என்கிறார். தேடிப் பார்த்தேன். உண்மைதான். இரண்டுக்கும் பிளாங்க் வைத்திருந்தது கிட்டத்தட்ட ஒரே குரல். தாராவின் பதிவை மட்டும் வேகம் கூட்டி ஓடவிட்டார்கள்.

போனில் தாராவை எடுத்து, வேகத்தைக் குறைத்து, குரலும் சேர்ந்து இறங்குகிற மாதிரிப் போட்டேன். தாரா கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, பூனை வந்து நின்றது. பெரியண்ணா கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா, பாத்தியா" என்று என் தோளில் அடித்தார். பிறகு போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு, "இன்னும் ஒருக்காப் போடு" என்றார்.