ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி மட்டும் பிதற்றல்

கேள்வி (செங்கோட்டை): அம்மாவுக்கு 79 வயது. கேரளத்துப் புனலூரில் இடுப்பு முறிவு ஆபரேஷன் ஆகி 2 நாள். பகலில் தெளிவு, ராத்திரியானால் ஆளே தெரியவில்லை; டிரிப் ஊசியைப் பிடுங்குகிறார். மனநோயா?

பதில் 1: இல்லைங்க, இது டெலிரியம்; உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். காரணத்தைத் தேடச் சொல்லுங்க: அடங்காத வலி, சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, தொற்று, மலச்சிக்கல். தூக்க மாத்திரை கேட்காதீங்க, குழப்பம் கூடும். கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிடுங்க. சுற்றிலும் மலையாளப் பேச்சு என்றால் ராத்திரி தமிழில் பேச வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் வேணும்.

கேட்டவர்: நேற்று டியூப் எடுத்தபின் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான்.

பதில் 1: அதுதான் முதல் சந்தேகம்; சிறுநீர் பையில் தேங்கினாலும் இந்தக் குழப்பம் வரும். அடிவயிற்றை இப்பவே ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்க.

பதில் 2: டாக்டர் தடுக்காவிட்டால் வாக்கரில் நிற்க வையுங்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் தைலம் தேய்க்கவே கூடாது; உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்கு ஓடிடலாம். டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கணும். படுக்கைப்புண் வராமலிருக்க, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்கு அடியில் தலையணை.